நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளம்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து ஆலய முற்றத்தில் நாம் நின்றிருந்தபோது, பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம்மை அணுகினார். முந்தானையில் மறைத்து வைத்திருந்த பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து நம் கையில் வைத்தார். அவருடைய இருபத்திரண்டு வயது மகன் அப்போது போதை மீட்பு இல்லம் ஒன்றில் இருந்தான். அது இரண்டாம் முறை. முதலில் பீர், பிறகு கஞ்சா, அதன் பிறகு வலி மாத்திரை என்று அவன் இறங்கிய படிகளை அத்தாய் முன்பே நமக்குச் சொல்லியிருந்தார்.

“ஐயா, இது அவன் தலகாணிக்கு அடியில இருந்திச்சு. எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு அந்த ராப் பாட்டுதான். எம்புள்ளய இந்தப் பாட்டுதான் கெடுத்திச்சா? நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க” என்றார்.

படித்தவர் என்ற அந்த நற்சான்று நமக்குக் கூச்சத்தைத் தந்தது. ஹிப்-ஹாப் என்பது உரத்த சத்தம் என்பதற்கு மேல் அதைப் பற்றி நமக்கு அன்று எதுவும் தெரியாது. ஞாயிறு மாலைகளில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அப்பால் நாலைந்து இளைஞர்கள் வட்டமாக நின்று, ஒருவன் வாயாலேயே மத்தளம் கொட்ட, மற்றொருவன் சொற்களை மடமடவென்று கொட்டுவதைக் கண்டு முகம் சுளித்தபடி நடந்து சென்றவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே “ஆம் அம்மா, இந்தப் பாட்டுதான்” என்று சொல்லிவிட நா எழுந்தது. நல்ல வேளையாக, படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி நோட்டை வாங்கிக்கொண்டோம்.

அதைப் படிக்க மூன்று நாள் ஆயிற்று. வரிகளுக்கு மேலே பென்சிலால் சிறு கோடுகள். தட்டு விழும் இடங்களை அவன் குறித்திருக்கிறான். எதுகையும் இயைபும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கஞ்சா என்ற சொல்லைத் தேடினோம். இரண்டே இடங்களில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்த சொல், தூக்கம். தூக்கம் வரவில்லை என்பதைத்தான் ஒருவன் நாற்பது பக்கங்களுக்கு எழுதியிருந்தான். அதன்பின் நாம் அந்தக் கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அத்தாய்க்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு கலை பிறந்த நாளும் வீட்டு எண்ணும் தெரிந்திருப்பது அரிது. ஹிப்-ஹாப்புக்கு இரண்டும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் மாநகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க விரும்பிய சிண்டி கேம்பல் என்ற பெண், அக்கட்டடத்தின் பொதுக் கூடத்தில் ஒரு கொண்டாட்டம் ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கிளைவ். கூல் ஹெர்க் என்று பின்னர் உலகம் அறிந்தவர். சிறு வயதில் ஜமைக்கா தீவிலிருந்து குடிபெயர்ந்து வந்த அவருக்கு அப்போது வயது 18. பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து மத்தளம் மட்டும் தனித்து முழங்கும் சில நொடிகளில்தான் ஆடுவோர் மெய்ம்மறக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்ட அவர், ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு கருவிகளில் வைத்து, அந்தச் சில நொடிகளையே மாறி மாறி ஓட்டி நீளச் செய்தார். அந்த முழக்கத்தின்மீது பேச்சாகச் சொல்லப்பட்டதே ராப்.

ஆனால் அந்த மாலைப் பொழுதுக்கு முன்கதை ஒன்று உண்டு. அதைத்தான் அத்தாய் கேட்டிருக்க வேண்டும். பிராங்ஸ் அந்நாளில் எரிந்துகொண்டிருந்தது. குடியிருப்புகளை இடித்துக்கொண்டு பெரும் நெடுஞ்சாலை ஒன்று ஊரின் நெஞ்சைப் பிளந்து போடப்பட்டிருந்தது. வேலைகள் போயின, வசதி படைத்தோர் வெளியேறினர், வாடகை வராத கட்டடங்களுக்கு உரிமையாளர்களே தீ வைத்துக் காப்பீட்டுத் தொகை பெற்றதும் உண்டு. எஞ்சிய ஏழைகளிடையே ஹெராயின் புகுந்தது. அவ்வட்டாரத்தின் லிங்கன் மருத்துவமனை பாழடைந்து கிடக்க, 1970 ஜூலையில் யங் லார்ட்ஸ் எனப்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் அதற்குள் புகுந்து அமர்ந்து நீதி கேட்டனர். அதே ஆண்டு நவம்பரில் அங்கே போதை மீட்புப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அது மக்கள் போராடிப் பெற்ற பிரிவு. ஹெராயினை விடும்போது வரும் உடல் வேதனையைத் தணிக்கக் காதில் ஊசி குத்தும் சீன மருத்துவ முறை அங்கே பரவலாயிற்று.

அடுத்த ஆண்டு நடந்தது நம் உள்ளத்தைத் தொட்டது. தெருக்கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த காலம். கெட்டோ பிரதர்ஸ் என்ற கூட்டத்தார் சமாதானம் பேசுவதற்கென்றே ஒருவரை நியமித்திருந்தனர். கார்னெல் பெஞ்சமின் என்பது அவர் பெயர். 1971 டிசம்பர் 2 அன்று, மோதவிருந்த இரு தரப்பாரிடையே புகுந்து பேசப்போன இடத்தில் அவரை அடித்தே கொன்றார்கள். ஊர் முழுவதும் பழிவாங்கலை எதிர்பார்த்தது. என் மகன் சமாதானத்துக்காக வாழ்ந்தவன், பழி வேண்டாம் என்று அவருடைய தாய் கேட்டுக்கொண்டார். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, ஹோ அவென்யூவில் இருந்த சிறுவர் மன்றத்தில் கூட்டங்களின் தலைவர்கள் கூடிச் சமாதான உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்பின்தான் ஒரு தெருவினர் மறு தெருவுக்கு அச்சமின்றிச் சென்று ஆட முடிந்தது. செட்ஜ்விக் அவென்யூவின் மாலைக்கு வழி திறந்தது இந்தச் சமாதானமே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். மகனை இழந்த ஒரு தாய் பழியைத் துறந்ததில் வேர்கொண்ட கலை இது என்பதை, வியாகுல மாதாவை வணங்கும் நமக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

இதைச் சொல்லும்போது ராப் இசைக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். பின்கதையும் உண்டு. கூல் ஹெர்க் ஒரு நிகழ்ச்சியில் கத்திக்குத்துப்பட்டு ஒதுங்கியவர். தந்தையை இழந்த துயரில், எண்பதுகளில், கிராக் என்னும் கோகெய்ன் வகைக்கு அடிமையானார். பின்னர் மீண்டார். கோகெய்னை எச்சரிக்கும் புகழ்பெற்ற ராப் பாடல் 1983 இல் வந்தது. அதைப் பாடியவர்களின் பழைய குழுத் தலைவரான கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், அதே ஆண்டுகளில் தாமே கோகெய்னின் பிடியில் கிடந்ததைப் பிற்காலத்தில் எழுதினார். டூப்பாக் ஷாகூரின் தாய் கிராக்கில் வீழ்ந்து எழுந்தவர். 1995 இல் வெளிவந்த பாடலொன்றில் மகன் அதை மறைக்காமலே தாய்க்கு நன்றி சொன்னார். அமெரிக்கச் சட்டமோ 1986 இல், ஏழைகள் புகைத்த கிராக் 5 கிராமுக்கும் வசதியானவர்கள் உறிஞ்சிய கோகெய்ன் தூள் 500 கிராமுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. இந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் 2010 வரை நீடித்தது.

தொண்ணூறுகளுக்குப் பின் வணிகம் முழுமையாக உள்ளே வந்தது. துயரத்தைச் சொன்ன பாட்டைவிடப் போதையைக் கொண்டாடிய பாட்டு நன்றாக விற்றது. ஹூஸ்டன் நகரில் கோடீன் கலந்த இருமல் மருந்தைச் சோடாவில் கலந்து குடிப்பது இசையோடு சேர்ந்த வழக்கமாகவே ஆயிற்று; அந்நகரின் மெல்லோட்ட இசையை உருவாக்கிய டிஜே ஸ்க்ரூ 2000 நவம்பரில் மாண்டபோது அவர் உடலில் கோடீன் இருந்தது. தம் மனச்சோர்வை வெளிப்படையாகப் பாடி இளையோரின் நெஞ்சைத் தொட்ட மாக் மில்லர் 2018 இல் 26 வயதிலும், ஜூஸ் வேர்ல்ட் 2019 இல் 21 வயதிலும், போதைப்பொருளின் மிகையால் இறந்தனர். பாடுபவன் தன் புண்ணைக் காட்டுகிறான். விற்பவன் அதற்கு விலை வைக்கிறான். இருவரையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே நம் போன்றோரின் பிழை என்று தோன்றுகிறது.

இந்தப் பாட்டு புதுச்சேரிக்கு எப்படி வந்தது? சென்னைக்கு முன்பே நம்மூர் அதைக் கண்டிருக்கலாம் என்பது நம் ஊகம். 1984 இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஹிப்-ஹாப்புக்கென்றே வாராந்தர நிகழ்ச்சி நடத்தியது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது என்பர். அதை வழங்கிய சிட்னி, குவாதலூப் தீவைப் பூர்வீகமாகக் கொண்ட கறுப்பர். அத்தீவு நமக்கும் அந்நியமன்று. 1854 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் கப்பலேறிச் சென்ற தீவுகளுள் ஒன்று. 1962 க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸ் புறநகர்களில் வளர்ந்தபோது, அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் ஆப்பிரிக்க, அராபிய, கரீபியப் பிள்ளைகள். அவர்களிடையேதான் பிரெஞ்சு ராப் வேரூன்றியது. ஆகஸ்டு விடுமுறைக்கு ஊர் வரும் ‘பிரான்சுப் பிள்ளைகள்’ தொளதொளத்த காற்சட்டையும் கேசட்டுமாகக் கப்ஸ் கோயில் பக்கம் திரிந்ததும், அவர்களில் ஒருவன் தலையைத் தரையில் ஊன்றிச் சுழன்றதைக் கண்ட நம் பெரியம்மா, “பாவம், புள்ளைக்கு வலிப்பு” என்று கையில் இரும்புச் சாவியோடு ஓடியதும் இன்றும் நம் வீட்டில் சொல்லிச் சிரிக்கும் கதை.

தமிழில் ராப் என்றதும் பலருக்கு 1994 இல் வந்த ‘காதலன்’ படத்துப் ‘பேட்டை ராப்’ நினைவுக்கு வரும். ஆயினும் அதைத் திரைக்கு வெளியே தனிக் கலையாக நிலைநிறுத்தியோருள் மலேசியத் தமிழர் முன்னணியில் நிற்கின்றனர். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006 இல் வெளிவந்தது. இவர்களுக்குப் பின்னால் நிற்கும் சமூகம் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர் சமூகம். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. கூலியாகக் கொடுத்த காசு மாலையில் அக்கடைக்குத் திரும்பியது. 1947 இல் கெடா மாநிலத்தில், பெடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில், தொண்டர் படை என்ற அமைப்பினர் கள்ளுக்கடை மறியல் செய்தபோது காவல்துறையோடு மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கூலிக்காரனின் குடியை எதிர்த்துக் கூலிக்காரனே எழுந்த போராட்டம் அது. நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரியும் கிடையாது.

கோவையில் தொடங்கிய ஹிப்ஹாப் தமிழா 2011 இல் ‘கிளப்புல மப்புல’ என்று பாடி நாடெங்கும் அறிமுகமானதும் இங்கே சொல்லத்தக்கது. அப்பாடலுக்குக் குடி ஒரு குற்றம்தான். ஆனால் பெண் குடித்தால். ஆண் குடித்துவிட்டு வருவதைப் பற்றி அதற்குப் பெரிய முறைப்பாடு இல்லை. நம் மேடைகளும் இவ்விஷயத்தில் அதைவிட மேலானவை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் இணைத்தது. அக்குழுவின் அறிவு 2021 இல் தம் பாட்டி வள்ளியம்மாளின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாட்டாக்கினார். கானாவின் ஒரு வேர் சாவு வீடு. இறந்தவனின் வாழ்வையே வரிகளாக்கி இரவு முழுவதும் பாடுவது மரண கானா. ஒப்பாரிக்கும் அதற்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது. பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த நாம், துயரத்தைத் தாளத்தோடு சொல்வது மனத்துக்கு என்ன செய்கிறது என்பதை அறியாதவர்கள் அல்லர்.

இனி நம் ஊருக்கு வருவோம். அத்தாயின் கேள்விக்குப் பாதி விடை பிராங்ஸில் இருந்ததென்றால், மீதி விடை வீட்டுத் தெரு முனையிலேயே இருந்தது.

புதுச்சேரியின் வரலாற்றைக் கோட்டை, துரைமார், ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு என்றே படித்துப் பழகிவிட்டோம். போதையின் வழியாக அதைப் படித்தவர் சிலரே. நெப்போலியன் போர்கள் ஓயும் வேளையில், 1815 மார்ச் 7 அன்று இலண்டனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பிரெஞ்சு ஊர்களின் உப்பு வாணிபம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது; ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாயும், கல்கத்தா ஏல விலையில் ஆண்டுக்கு 300 பெட்டி அபினி வாங்கும் உரிமையும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. உப்பளத்தில் பாடுபட்டவனின் பிழைப்பு ஒரு தட்டிலும் அபினிப் பெட்டி மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்பட்டன. உள்ளூரில் கள், சாராய விற்பனை குத்தகைக்கு விடப்பட்டு அரசுக்கு வருவாய் தந்தது. கள்ளைப் பிரெஞ்சுக்காரர் ‘கலூ’ என்றே எழுதினார்கள். நம் மொழியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொற்களில் இது ஒன்று.

1908 முதல் 1918 வரை இங்கே தஞ்சம் புகுந்து வாழ்ந்த பாரதியாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாடு கடந்த வாழ்வு, ஒற்றர்களின் கண், வறுமை, நின்றுபோன பத்திரிகை. இவற்றினூடே அவரைப் பற்றிய கஞ்சாப் பழக்கத்தை அவரை அறிந்தோர் மறைக்காமல் எழுதியுள்ளனர். அவருடைய பெரும் படைப்புகள் இப்பத்தாண்டில் பிறந்தவை என்பதைச் சொல்லிப் போதைக்குப் புகழ் தேடுவோர் உண்டு. தவறான கணக்கு அது. பெருங்கவி ஒருவருக்கே அந்த இருள் இருந்தது என்பதே நாம் அறிய வேண்டியது.

சென்னை மாகாணத்தில் இராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபரில் அது மாகாணம் முழுவதும் பரவியது. பிரெஞ்சுப் புதுச்சேரியோ அதற்கு வெளியே நின்றது. நம் எல்லையும் ஒரே கோடாக ஓடுவதன்று. வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களில் ஒரு வயலில் கால் வைத்தால் பிரெஞ்சு மண், வரப்பைத் தாண்டினால் ஆங்கிலேய மண், பிறகு மீண்டும் பிரெஞ்சு மண். அக்கம்பக்க மாவட்டத்தின் தாகத்துக்கு இவ்வூர் கிணறாயிற்று. 1954 நவம்பர் 1 இல் ஆட்சி கைமாறிய பின்னும் அந்நிலை மாறவில்லை. தமிழ்நாடு 1971 இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974 இல் மீண்டும் கொண்டுவந்து, 1981 இல் மறுபடி கைவிட்டது. புதுச்சேரி எப்போதும் போலவே விற்றது. தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டவை. இங்கே இரண்டும் ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டுச் சட்டப்படி விற்கப்படுகின்றன. 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பின் கடைகள் திறந்தபோது, வெளியூர்க் கூட்டத்தைத் தவிர்க்கத் தமிழ்நாட்டு விலைக்கு நிகராகச் சிறப்பு வரி போட வேண்டி வந்ததே, மலிவு மதுவின் ஊர் என்ற நம் பெயருக்கு அரசே தந்த சான்று.

விற்பனை சட்டப்படி நடந்தால் கள்ளச் சாராயம் ஒழிந்துவிடும் என்பாரும், விலக்கு வந்தால் குடியே ஒழிந்துவிடும் என்பாரும் உளர். 2023 மே மாதம் நம் வடக்கெல்லைக்கு அப்பால் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவ ஊரிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் மக்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 65 க்கும் மேற்பட்டோர். அரசே மதுக்கடை நடத்தும் மாநிலத்தில் நடந்தவை இவை. 2024 மார்ச்சில் புதுச்சேரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் கஞ்சாவுக்கு எதிராக நகரமே தெருவில் இறங்கியதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நாமும் மெழுகுவர்த்தி ஏந்தினோம். அன்று மாலை திரும்பும் வழியில் சாராயக்கடை வாசலைக் கடந்தோம். அங்கே ஒருவர் விழுந்து கிடந்தார். எவரும் மெழுகுவர்த்தியோடு நிற்கவில்லை.

அந்த நோட்டின் பாதிப் பக்கங்கள் தந்தையைப் பற்றியவை. சாராயக்கடையிலிருந்து திரும்பும் செருப்புச் சத்தத்துக்காக விழித்திருந்த சிறுவனின் இரவுகள் அவை. தந்தை இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. செருப்புச் சத்தம் நின்ற பின்னும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தூங்குவதற்காகத்தான் முதலில் புகைத்தான் என்பது, எழுதியிருந்த வரிசையைப் பார்த்தாலே தெரிந்தது.

இது அவன் ஒருவனுடைய கதை மட்டுமன்று. 2019 இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி என்றும், அதனால் சிக்கலுற்று உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி என்றும் கூறியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, மதுவால் நோயுற்றோரில் நூற்றுக்கு 86 பேருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை என்றது. தற்கொலையில் 2015 இல் நாட்டின் சராசரி இலட்சத்துக்கு 10.6 ஆக இருக்க, புதுச்சேரியின் விகிதம் 43.2, இந்தியாவிலேயே மிக உயர்ந்தது. 2022 இல் அது 29.7 ஆகக் குறைந்த போதும் நாட்டின் சராசரியைப் போல் இரு மடங்குக்கு மேல். இத்தனைக்கும், பிரெஞ்சுக்காரர் 1823 இலேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வழிவந்த ஜிப்மரில் போதை மீட்புச் சிகிச்சையும் உண்டு. வாசல் இருக்கிறது, வெட்கம்தான் வழியை மறிக்கிறது.

இந்த இடத்தில் நம் பங்குகளில் நாம் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர், சாம்பல் புதனன்று சத்தியம் செய்து ஒரேயடியாக நிறுத்துகிறார். வெள்ளிக்கிழமைக்குள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது; சனிக்கிழமை சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துகிறார், வலிப்பும் வரலாம். பேய் பிடித்தது என்கிறார்கள், திருத்தலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மதுவின் அமுக்கத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென விலகியதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுவதே இது. இரண்டு முதல் நான்கு நாளுக்குள் வரும். சிகிச்சையின்றி விட்டால் உயிரையும் கொள்ளும். அவருக்கு அப்போது வேண்டியது மருத்துவமனைக் கட்டில். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டனர். அதைப் பிற மதத்தாரின் ஊரில் நடந்ததாகப் படித்துவிட்டு நகர்ந்தோம்; நம் திருத்தல முற்றங்களிலும் சங்கிலி ஒலித்ததுண்டு.

நம் சபையின் வரலாற்றில் இதற்கு மாறான முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935 ஜூன் 10 ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்ட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை நம்மில் பலர் அறிவர். அவ்வூர்ப் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்த அருள்சகோதரி இக்னேஷியா, குடிநோயாளிகளைச் சேர்க்க எவரும் விரும்பாத 1939 இல், அந்த இயக்கத்தின் மருத்துவர் பாபோடு சேர்ந்து ஒரு குடிநோயாளியை வேறு நோயின் பெயரால் சேர்த்துக்கொண்டார். வார்டில் வைத்தால் பிறர் முணுமுணுப்பர் என்று, நோயாளிகளுக்கு வரும் பூக்களை அடுக்கும் அறையில் அவருக்குக் கட்டில் போட்டார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அம்மருத்துவமனையின் வழியே மீண்டனர்.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டோர் பற்றிய நம் சபையின் நிலையும் மாறியிருக்கிறது. இதைப் பலர் இன்னும் அறியவில்லை. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அத்தகையோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த மறுப்பு இல்லை. 1992 இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், செயலின் கனத்தைக் குறைக்காமலே, கடுமையான மனக்குலைவும் துயரமும் அச்சமும் அவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவருடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. நாட்டுச் சட்டமும் 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் வழியே, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் உள்ளவராகவே கொள்ள வேண்டும் என்றது. சட்டங்கள் மாறியும் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் தனிக்குழி கேட்கும் குரல்கள் இன்றும் எழுகின்றன. அக்குரல் எழும் வீட்டில் எந்த இளைஞன் தன் மனத்தைத் திறந்து பேசுவான்?

அவர்கள் பாட்டில் பேசுகிறார்கள். 2017 இல் லாஜிக் என்ற அமெரிக்க ராப் பாடகர் ஒரு பாடலுக்கு அந்நாட்டுத் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி எண்ணையே பெயராக வைத்தார். அப்பாடல் பரவலாகக் கேட்கப்பட்ட 34 நாட்களை ஆராய்ந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2021 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. எதிர்பார்த்ததைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன; 10 முதல் 19 வயது வரையுள்ளோரின் தற்கொலைகள் 245 குறைந்திருந்தன. பாடலால் மட்டுமே இது நிகழ்ந்தது என்று அந்த ஆய்வாளர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. நம்மூரிலும் கேட்கக் காதுகள் உண்டு: 1986 முதல் சென்னையில் சினேகா, புதுச்சேரியில் மைத்ரேயி, 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் தமிழிலும் பேசக்கூடிய அரசின் டெலி-மானஸ் எண் 14416. பங்கு அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணை எழுதச் சொன்னோம்; திருமண ஓலை அறிவிப்புக்குக் கீழே இப்போது இருக்கிறது.

அத்தாயிடம் நாம் நீண்ட சரித்திரம் எதையும் சொல்லவில்லை. பாட்டு அவனைக் கெடுக்கவில்லை அம்மா, கெட்டுப்போனதை அவன் பாட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்றோம். தந்தையைப் பற்றிய பக்கங்களைப் பற்றியும் சொன்னோம். வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அவுரு செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்டுச்சா? நான் தூங்கிட்டான்னுல்ல நெனச்சேன்” என்றார்.

பாஸ்கா முடிந்து இரண்டாம் வாரம் அவன் வீடு திரும்பினான். மெலிந்திருந்தான், இரவில் மாத்திரையோடு ஐந்து மணி நேரம் தூங்குவதாகச் சொன்னான். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது நமக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. பழைய ஆசிரியர் பழக்கத்தில், ஒரு வரியில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்தைச் சிவப்புப் பென்சிலால் சேர்த்து வைத்திருந்தோம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவன் முதன்முறையாகச் சிரித்தான்.

“இத சேத்தா தட்டு போயிடும் ஐயா” என்று சொல்லி, ஆலயத்தின் பெஞ்சில் விரலால் தட்டி, இரு விதமாகவும் சொல்லிக் காட்டினான். அவன் சொன்னது சரிதான். மேசையில் அழிப்பான் தேடி எடுத்து அந்த எழுத்தை அழித்துக் கொடுத்தோம்.